"ஈசிஎம் போச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன்: பழைய காரின் ஒயரிங்கை அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

மதுரையில் 2000க்கும் 2012க்கும் இடையில் வந்த கார்கள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. மாருதி 800 எம்பிஎஃப்ஐ, ஜென், ஆல்டோ, ஆம்னி, சான்ட்ரோ, வேகன் ஆர் இல்லாத தெருவே இல்லை. இவற்றில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு, ஸ்பார்க் எப்போது என்பதை ஈசிஎம் என்கிற சின்னப் பெட்டி முடிவு செய்கிறது. வண்டி மக்கர் செய்து இரண்டு இடத்தில் காட்டியும் சரியாகவில்லை என்றால் பழி அந்தப் பெட்டி மேல்தான் விழும். "அண்ணே, ஈசிஎம் போச்சுன்னு சொல்லிட்டாங்க, பழசு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோருக்குப் போயிருப்பது ஈசிஎம் இல்லை. அதற்குப் போகும் கரண்டோ, எர்த்தோ (பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை), நடுவில் ஒயர்களை இணைக்கும் ஒரு கப்ளரோதான். பெட்டியை மாற்றிப் பணத்தைக் கொட்டிய பிறகும் அதே கோளாறு திரும்பி வருவதைப் பார்த்தால் மனசு கேட்காது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

வேண்டியவை: சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் சால்டர் வைத்த டெஸ்ட் லேம்ப், ஒரு எல்இடி டெஸ்டர், இரண்டு மெல்லிய குண்டூசி, கான்டாக்ட் கிளீனர். பல்பு டெஸ்ட் லேம்ப்பை ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர்களில் மட்டும் வையுங்கள். சென்சார் ஒயரிலும் ஈசிஎம்மில் இருந்து வரும் மெல்லிய ஒயரிலும் மீட்டரோ எல்இடியோதான். பல்பு இழுக்கும் கரண்டை அந்த உள்சர்க்யூட் தாங்காது. மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக். கை வைக்க வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பேட்டரியும் எர்த்தும்

இந்த ஒரு பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் ஈசிஎம் தடுமாறத் தொடங்கும். அந்த நிலையில் வேறு எதைச் சோதித்தாலும் பொய்யான பதில்தான் வரும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை சார்ஜ் வர வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். அது நீடித்தால் ஈசிஎம்முக்கு உண்மையிலேயே ஆபத்து.

அடுத்தது எர்த். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் எர்த் ஸ்ட்ராப் கெட்டிருக்கிறது. பிறகு இதையே பாடிக்கும் நெகட்டிவுக்கும் இடையில் பாருங்கள். கியர்பாக்ஸில் இருந்து பாடிக்கு வரும் பின்னல் ஒயர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, திரும்ப முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் போதும். செலவே இல்லாத இந்த வேலை தீர்த்து வைத்த "ஈசிஎம் கோளாறுகள்" ஏராளம்.

ஓம் வைத்து மட்டும் ஒயரை நம்பக் கூடாது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் ஓம் காட்டும். லோடு ஏறியதும் அந்த ஒற்றை இழை தாங்காது. அதற்குத்தான் 21 வாட் பல்பு: சந்தேகமான சப்ளை ஒயர் வழியாக அதை எரியவிட்டுப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் ஒயர் கெட்டது.

சாவி போட்டால் செக் எஞ்சின் விளக்கே எரியவில்லை

சாவியை ஆன் செய்ததும் அந்த விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஈசிஎம் விழிக்கவில்லை என்று பொருள். (பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: விற்றவர் பல்பையே கழற்றியிருக்கலாம்.)

ஈசிஎம்முக்கு மூன்று வழியில் கரண்ட் வருகிறது: பேட்டரியில் இருந்து நேராக எப்போதும் வருவது ஒன்று, சாவி வழியாக ஒன்று, மெயின் ரிலே வழியாக ஒன்று. மூன்றையும் ஈசிஎம் கப்ளரின் பின்புறம் குண்டூசி வைத்துத் தனித்தனியாகப் பாருங்கள். இன்சுலேஷனைக் குத்தி ஓட்டை போடாதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு பூத்து, அடுத்த வருஷம் புதுக் கோளாறாக வந்து நிற்கும்.

மெயின் ரிலேயில் 85, 86 காயில் முனைகள். 30, 87 காண்டாக்ட் முனைகள். சாவி போட்டதும் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்டாலும் 87இல் முழு வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். காண்டாக்ட் கருகியிருந்தால் சத்தம் வரும், கரண்ட் வராது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

சாவி ஆன் செய்து பின்சீட் பக்கம் காது வையுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் பம்ப் ஃபியூஸ், ரிலே, டேங்க் மேலே உள்ள கப்ளர் என்று வரிசையாகப் போங்கள்.

பம்ப் ஓடுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஆர்பிஎம் முள் உள்ள வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது முள்ளைப் பாருங்கள். லேசாகத் துடித்தால், எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னல் வருகிறது. சவம் போலக் கிடந்தால் கிராங்க் சென்சாரோ அதன் ஒயரோதான் முதல் சந்தேகம். ஸ்கேனரில் (ஈசிஎம் பதிந்து வைத்த பழுதுக் கோடுகளை, அதாவது குறியீடுகளைப் படிக்கும் கருவி) பி0335 என்று வந்தால் இன்னும் உறுதி. சாவி அல்லது பூட்டுச் சின்னம் விட்டு விட்டு எரிந்தால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு யூனிட்) சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கப்ளரைக் கழற்றி எல்இடி டெஸ்டர் வைத்துச் செல்ஃப் அடித்தால் மின்னி மின்னி எரிய வேண்டும். இன்ஜெக்டர் காயில் பொதுவாக 12 முதல் 16 ஓம். ஒன்று மட்டும் 3, 4 ஓம் காட்டினால் அது உள்ளே ஷார்ட். அதை மாட்டியே ஓட்டினால் ஈசிஎம்மில் அதை இயக்கும் டிரான்ஸிஸ்டரையும் கொண்டுபோய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது, அரை மணி நேரம் ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

மதுரைப் பக்கத்துக்கே உரிய கோளாறு என்று இதைச் சொல்லலாம். சித்திரை வைகாசியில், அக்னி நட்சத்திர வெயிலில், கப்பாலூர் டோலிலோ சிம்மக்கல் நெரிசலிலோ நின்று நின்று போகையில் சட்டென்று ஆஃப் ஆகும். தள்ளி ஓரமாக நிறுத்தி, மோர் குடித்துவிட்டு வந்து சாவி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடும். இதனால்தான் பலர் குருட்டாம்போக்கில் பம்ப், பிளக், ஈசிஎம் என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

நின்ற அந்த நிமிஷம்தான் சோதனைக்கு உரிய நேரம். ஆறவிட்டால் ஆதாரம் போய்விடும். உடனே மூன்றைப் பாருங்கள்.

முதலில், வண்டி இன்னும் கியரில் உருளும்போதே ஆர்பிஎம் முள் எப்படி விழுந்தது? சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சார் சிக்னலோ இக்னிஷன் கரண்டோ அறுந்தது. வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

அப்புறம், நின்ற பிறகு சாவியை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் ஈசிஎம்முக்கே கரண்ட் இல்லை. மெயின் ரிலே அல்லது சாவி சுவிட்ச். ரிலேயின் உள்ளே சால்டரில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்திருக்கும். சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இதே அளவுள்ள ஹார்ன் ரிலேயை மாட்டிப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும், கால் அமைப்பு ஒன்றாக இருந்தால் மட்டும். சாவிக்கொத்தில் வீடு, கடை, பீரோ என்று எல்லாவற்றையும் தொங்கவிட்டு ஓட்டும் வண்டிகளில் சுவிட்ச் தேய்ந்து இதே கோளாறு வரும். எஞ்சின் ஓடும்போது சாவியை லேசாக அசைத்தால் எஞ்சின் இருமுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, விளக்கு எரிகிறது, பம்ப் சத்தமும் வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கிராங்க் சென்சார் மேல் நனைத்த துணியைப் போடுங்கள் (எக்ஸாஸ்ட் சூட்டையும் பெல்ட்டையும் கவனித்துக் கையை உள்ளே விடுங்கள்). ஒரு சில நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனால் சென்சார்தான். கடையில் வைத்து இதையே தலைகீழாகச் செய்யலாம்: ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடேற்றினால் எஞ்சின் நிற்கும். மாற்றும்போது அதன் ஒயரில் ஷீல்டு உறை இருந்தால் அதை வெட்டி விடாதீர்கள்; அது ஒரு முனையில் மட்டும் எர்த் ஆகி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பார்க் காயிலின் இரைச்சல் சிக்னலில் கலந்து புதிதாக மிஸ் அடிக்கத் தொடங்கும் (ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறும்).

ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் பழுதுக் கோடுகள்

ஸ்கேனர் மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது), த்ராட்டில் சென்சார் (ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) என்று வரிசையாகப் பழுது காட்டினால் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போகாது. அவற்றுக்கெல்லாம் பொதுவானது எது என்று யோசியுங்கள். இந்தச் சென்சார்களுக்கு ஈசிஎம் ஒரே 5 வோல்ட் சப்ளையையும் ஒரே சென்சார் எர்த்தையும் பகிர்ந்து கொடுக்கிறது. த்ராட்டில் சென்சார் கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அந்த லைனில் உள்ள சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் உள்ளே ஷார்ட் ஆன குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் வழியில் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது ஈசிஎம்.

5 வோல்ட் சரியாக இருந்தும் அளவுகள் எல்லாமே கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் சென்சார் எர்த்தைப் பாருங்கள். அந்த ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. த்ராட்டில் சென்சார் மூடிய நிலையில் 0.5 வோல்ட்டை ஒட்டியும் முழுக்கத் திறந்தால் 4.5ஐ ஒட்டியும் காட்டும். மெதுவாக மிதிக்கும்போது நடுவில் ஓர் இடத்தில் குதித்தால் அது தேய்ந்துவிட்டது.

ஸ்கேனரைப் பற்றி ஒன்று. 2010க்கு முந்தைய பல வண்டிகளில் 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் ஆன்லைனில் வாங்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனரோடு பேசாது. அதை வைத்து ஈசிஎம் செத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. மொழி வேறு, அவ்வளவுதான். ஸ்கேனரில் விளக்கே வரவில்லை என்றால் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட்டும் 4, 5ஆம் பின்களில் எர்த்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சுசூகி முறை வண்டிகளில் டயக்னோசிஸ் முனையை எர்த்தோடு இணைத்தால் செக் எஞ்சின் விளக்கே சிமிட்டிச் சிமிட்டிக் கோடு சொல்லும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். எந்த முனை என்பதை உங்கள் மாடலின் ஒயரிங் படத்தில் பார்த்துவிட்டே இணையுங்கள்.

தண்ணீர் பட்ட பிறகு மிஸ் அடிக்கிறது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் சர்வீஸில் வரிசை நிற்கும். எஞ்சினையும் பளபளவென்று அடித்துக் கழுவித் தரச் சொல்வார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் ஏற்ற வண்டியை எடுத்தால் மூன்று சிலிண்டரில் இரண்டில் ஓடும். செல்லூர் பக்கமோ மணிநகரம் சுரங்கப்பாதையிலோ மழைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்த வண்டிகளும் இப்படித்தான்.

எஞ்சின் மேலே உள்ள கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பஞ்சர் கடைக் காற்றை அடித்து, கான்டாக்ட் கிளீனர் தெளித்துக் காயவிடுங்கள். பிளக் குழிக்குள் தேங்கிய தண்ணீரைத் துணி விட்டு உறிஞ்சி எடுங்கள். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் பிளக் ஒயரில் கரண்ட் கசியும் இடம் நீலப் பொறியாகத் தெரியும். காய்ந்ததும் சரியானால் நிம்மதி கொள்ளாமல், கப்ளரின் ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். அது கிழிந்திருந்தால் அடுத்த மழைக்கும் இதே கதைதான்.

உள்ளே தரைவிரிப்பு ஈரமாக இருந்தால் அலட்சியம் வேண்டாம். பல வண்டிகளில் ஈசிஎம் இடப்பக்க சீட்டுக்கு முன்னால், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். முன்கண்ணாடி ரப்பரில் கசிவோ ஏசி தண்ணீர்க் குழாய் அடைப்போ இருந்தால் நேராக அதன் மேல் சொட்டும்.

கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, சூடானால் ஸ்டார்ட் ஆக அடம்

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். அதன் ஒயர் அறுந்தால் எஞ்சின் கடுங்குளிரில் இருப்பதாக ஈசிஎம் நினைத்துப் பெட்ரோலை அள்ளிக் கொட்டும்; கோடு பி0118 வரும். காலையில் ஆறிய எஞ்சினில் சென்சாரின் இரு முனைகளுக்கிடையே பொதுவாக 1,500 முதல் 2,500 ஓம் வரையும், நன்றாகச் சூடான பின் 300 ஓம் வாக்கிலும் காட்டும். கொடைக்கானல் போன இடத்தில் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், மதுரையில் ஒரு குறையும் இல்லாத வண்டிக்கும் இதையே முதலில் பாருங்கள்.

கேஸ் கிட் போட்ட வண்டி

ஆம்னி, 800 வண்டிகளில் எல்பிஜி கிட் சகஜம். கிட் போடும்போது இன்ஜெக்டர் ஒயரை வெட்டி நடுவில் ஓர் எமுலேட்டரை (கேஸில் ஓடும்போது இன்ஜெக்டர் வேலை செய்வதாக ஈசிஎம்மை நம்ப வைக்கும் பெட்டி) நுழைத்திருப்பார்கள். சாவி கரண்ட்டையும் அங்கிருந்தே இழுத்திருப்பார்கள். முறுக்கி டேப் சுற்றிய அந்த இணைப்புகள் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். ஆனால் சோதனைக்கு இந்தக் கிட் ஒரு வரம். கேஸில் ஓடுகிறது, பெட்ரோலில் ஓடவில்லை என்றால் கிராங்க் சென்சார், காயில், பிளக் எல்லாம் நலம். பம்ப், இன்ஜெக்டர், எமுலேட்டர் மட்டும் பார்த்தால் போதும். இரண்டிலும் ஓடவில்லை என்றால் இக்னிஷன் பக்கம் போங்கள். அலாரம், சென்ட்ரல் லாக், ஆம்ப்ளிஃபையர் போன்று பின்னால் மாட்டியவற்றையும் சந்தேகப்பட்டியலில் மேலேயே வையுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கினால் நெகட்டிவில் மீட்டரைத் தொடராக மாட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து 50 மில்லிஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

எலி

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டைத் தேடி வரும்; இரவில் எஞ்சின் சூடு அதற்கு இதம். ராத்திரி நன்றாக நிறுத்திய வண்டி காலையில் திடீரென்று மிஸ் அடித்தால் முதலில் ஃபயர்வால் ஓரம், இன்டேக்குக்கு அடியில், ஏர்ஃபில்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாச்சை உருண்டை, புகையிலை எல்லாம் வாசனை இருக்கும்வரைதான். நெல் மூட்டைக்கும் தவிட்டுக்கும் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதே நல்லது.

கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். அதே தடிமன் ஒயரால் ஒட்டுப் போட்டு, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றுங்கள். பல ஒயர் அறுந்திருந்தால் ஒட்டுகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வரட்டும்.

ஈசிஎம்மைக் கொல்லும் பழக்கங்கள்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ சார்ஜ் ஆகுதா" என்று பார்க்கும் வழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. அம்பாஸடர் காலத்தில் அது பரவாயில்லை. இந்த வண்டியில் பேட்டரி விலகியதும் வோல்ட் ஒரு நொடியில் எகிறி ஈசிஎம்மைத் தாக்கும். தயவுசெய்து யாரையும் உங்கள் வண்டியில் இதைச் செய்யவிடாதீர்கள். வழியில் பேட்டரி இறங்கினால் லாரியில் இருந்து ஜம்ப் எடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் 24 வோல்ட். டிங்கரிங்கில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள்.

சரி, ஈசிஎம்தானா?

மூன்று கரண்ட்டும் எர்த்தும் லோடு வைத்துப் பார்த்ததில் சரி. சென்சார் எல்லாம் கழற்றியும், ஒயர் எங்கும் உரசாமலும் 5 வோல்ட் இல்லை. அல்லது கிராங்க் சிக்னல் ஈசிஎம் பின்வரை வருகிறது, இம்மொபிலைசரும் தடுக்கவில்லை, ஆனாலும் இன்ஜெக்டருக்கோ காயிலுக்கோ துடிப்பு வெளியே வரவில்லை. இப்போது சொல்லலாம் ஈசிஎம் என்று. கழற்றித் திறந்தால் பல நேரம் கண்ணுக்கே தெரியும்: உப்பிய அல்லது கசிந்த கபாசிட்டர், கருகிய தடம், பச்சைக் களிம்பு. கபாசிட்டர் மட்டும் கசிந்திருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகை வாங்கி மாற்றலாம். டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேளுங்கள். போர்டு வேலை பழகிய கைதான் இதைத் தொட வேண்டும்.

டிரான்ஸிஸ்டர் கருகியிருந்தால் அதைக் கருக்கியது எது என்று கண்டுபிடிக்காமல் வேறு பெட்டி மாட்டாதீர்கள். காயில், இன்ஜெக்டர், ஐடில் வால்வு ஒவ்வொன்றின் ஓமையும் அளந்து ஷார்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். காயலான் கடையில் பழைய ஈசிஎம் வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டி என்றால் அந்தப் பெட்டியோடு சேர்ந்த சாவியையும் இம்மொபிலைசர் யூனிட்டையும் சேர்த்தே கேளுங்கள், அல்லது உங்கள் சாவியைப் புதுப் பெட்டிக்குப் பழக்கிக் கொடுக்கக்கூடிய ஆளை முதலில் பேசி வைத்துக்கொண்டு பிறகு பணம் கொடுங்கள்.